கசத்துக்குக் கதவு போட்ட நானா

கரும்பலகைக்குப் பூசும் பெயின்ட் தேடிப் பதுளைக் கடைவீதிக்குப் போன நாளில்தான் நானாவை முதன்முதலில் பார்த்தேன். ஸ்பிரிங்வெளிப் பாதையில் இருக்கும் எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. முதலில் ஏறிய ஹாட்வெயார் கடையில் கல்லாவில் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் குடையை மடக்கிவிட்டு வாயைத் திறப்பதற்குள் "இல்ல" என்றார். என்ன வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தெருவைக் கடந்து எதிரே இருந்த இன்னொரு ஹாட்வெயார் கடைக்குப் போனேன். அங்கே கல்லாவுக்குப் பின்னாலிருந்து நல்ல பருமனான ஒரு மனிதர், வெள்ளைத் தொப்பியும் கஞ்சி போட்ட சாரமுமாக எழுந்து நின்று, "ஈக்கி டீச்சர், ஈக்கி. மொதல்ல ஒக்காருங்க" என்றார். இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அங்கேயும் நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

உட்கார்ந்தேன். பிளேன்டீ வந்தது. எந்தத் தோட்டம், யார் மகள், மேலே மழை எப்படி, பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வருகிறார்களா என்றெல்லாம் விசாரித்தார். பேச்சுக்கு நடுவில்தான் பெயின்ட் விஷயத்தைச் சொன்னேன். அவர் கடை ஆளைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினார். அந்த ஆள் பின்வாசலால் எங்கோ போனார். என் கோப்பை காலியாகும் நேரத்துக்குப் பெயின்ட் டின் மேசைக்கு வந்துவிட்டது. மூடியில் ஒட்டியிருந்த கடைப்பெயர் எதிர்க்கடையுடையது. என்னை "இல்ல" என்று திருப்பி அனுப்பிய அதே கடை.

எதிர்க்கடைக்காரர் நானாவுக்கு மச்சான், மனைவியின் உடன்பிறந்தவர். பெருநாளைக்கு இரண்டு பேரும் ஒரே சகனில், அந்தப் பெரிய தட்டில், கை வைத்துச் சாப்பிடுவார்கள். கடை நேரத்தில் மட்டும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். மச்சானிடம் எல்லாச் சாமானும் உண்டு, ஆனால் எழுந்து எடுத்துத் தருவதற்கு அவருக்கு மனம் வராது. நானாவிடம் பாதிச் சாமான் கிடையாது. ஆனால் அவர் வாயில் 'இல்லை' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. நானா என்பது அண்ணனுக்கு முஸ்லிம்கள் சொல்லும் பெயர். நாங்கள் தோட்டத்துச் சனமும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. யாரும் வாசித்ததில்லை.

கடைக்கு வந்து பேக்கரிப் பாண் கேட்டவருக்குப் பாண் கொடுத்திருக்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை கேட்டு வந்த ஒருவருக்கு இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்திருக்கிறார். ஒருவர் பசுமாடு கேட்டதாகவும் சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை. ஆனால் ஆணி வாங்கப் போன ஒரு நாள் கடையின் பின்புறம் ஒரு செவலைப் பசு நின்று சிமெந்து மூட்டையின் கடதாசியை மென்றுகொண்டிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கடைக்கு வந்த மனிசர 'இல்ல'ண்டு செல்லி அனுப்பினா, அவர் அந்தச் சொல்லயும் தூக்கிக்கொண்டு வீடு மட்டும் போகணுமே டீச்சர். மழை வேற."

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஒரு காட்டுக்குக் காவலாக வைத்தோம்.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே தோட்டக் கம்பனி கைவிட்ட பழைய தேயிலை மலை ஒன்று உண்டு. அதற்கும் மேலே காடு. காட்டுக்குள்ளிருந்து இறங்கும் ஓடை ஒரு பாறையில் விழுந்து ஆளுயரத்துக்குத் தேங்கும் இடத்தைத்தான் கசம் என்போம். துணி துவைக்கவும் அன்றாடம் குளிக்கவும் லயத்துக்குப் பக்கத்தில் குழாய்போல் தண்ணீர் கொட்டும் பீலி இருக்கிறது. கசம் அதற்கல்ல. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் அதில் இறங்கிச் சும்மா கிடக்கலாம், பாறையில் சாய்ந்து கதை பேசலாம், பிள்ளைகள் மேலிருந்து குதிக்கலாம். ஆறு நாள் கொழுந்தெடுத்து மலையில் நிற்கிற சனத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது.

யாரோ கசத்தைப் படம் பிடித்து ஃபோனில் போட்டார்கள். பிறகு பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் பையன்கள் சிலருக்கு த்ரீவீல் ஓட்டம் கிடைத்தது. காட்டுக்குப் போத்தலும் பொலித்தீனும் கிடைத்தன. அதே காலத்தில் பதுளை டவுனிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருவரும் தினமும் விடியற்காலையில் வரத் தொடங்கினார். சிங்களவர், மெல்லப் பேசுகிற மனிதர், கழுத்தில் எப்போதும் பறவை பார்க்கிற தூரதரிசினி. சிங்களத்தில் ஐயா என்பது போல மாத்தையா என்று கூப்பிடுவோம். ஒருநாள் அவர் பாடசாலைக்கு வந்து, கசத்துப் பாறைக்குக் கீழே ஒரு பொந்தில் தியபல்லா, அதாவது நீர்நாய், குட்டி போட்டிருக்கிறது என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆட்கள் இப்படியே வந்துகொண்டிருந்தால் தாய் குட்டிகளை விட்டுவிட்டுப் போய்விடும், காட்டை முழுதாக மூட வேண்டும் என்றார்.

கம்பனி அந்த மலையையும் காட்டையும் ஊர்க் கமிட்டி ஒன்றின் பொறுப்பில் பாதுகாக்கக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது. கமிட்டியின் முதல் கூட்டம் எங்கள் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மூட வேண்டும் என்கிற மாத்தையா கூட்டம் ஒருபக்கம், திறந்திருக்க வேண்டும் என்கிற த்ரீவீல்காரர் கூட்டம் மறுபக்கம். தலைவர் யார் என்று கேட்டபோது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நானாவின் பெயரைச் சொன்னார்கள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பக்கமும் முதல் நாளே தனித்தனியாகக் கடைக்குப் போய் பிளேன்டீ குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நானா "ஈக்கி" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மொழியிலும் எழுதத் தெரியும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

தலைவரானதும் நானா எழுந்து, கட்டாயம் கதவு போட்டுப் பூட்டத்தான் வேண்டும் என்றார். மாத்தையா கைதட்டினார். அதே மூச்சில், வருகிற சனத்துக்கு அது திறந்துதான் இருக்க வேண்டும் என்றார். த்ரீவீல்காரர்கள் கைதட்டினார்கள். அடுத்த வாரமே மலையடிவாரத்தில் நானா கடை இரும்பில் பச்சைப் பெயின்ட் அடித்த அழகான கதவு ஒன்று எழுந்து நின்றது. பெரிய பூட்டு. பூட்டின் சாவி பக்கத்துக் கம்பத்தில் ஓர் ஆணியில் தொங்கியது, வேண்டியவர்கள் எடுத்துத் திறந்துகொள்ள. கதவுக்கு இரண்டு பக்கமும் வேலி இல்லாததால் அநேகமாக யாருக்கும் சாவி தேவைப்படவில்லை.

கதவில் தன்னுடைய ஃபோன் நம்பரையும் எழுதி வைத்திருந்தார் நானா. அனுமதி வேண்டியவர்கள் கேட்கலாம் என்று அர்த்தம். கேட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் பலன் தெரிந்தது. காலையில் வழக்கம்போல லயத்துச் சனம் துண்டும் சோப்புமாகக் கசத்தில் இருந்தோம். முதலில் டவுனிலிருந்து தியானம் பழகுகிற கூட்டம் ஒன்று வெள்ளை உடுப்பில் வந்து பாறைகளில் கண்ணை மூடி உட்கார்ந்தது. அடுத்து பண்டாரவளையிலிருந்து ஒரு புது மாப்பிள்ளையும் பெண்ணும், அவர்களைப் படம் பிடிக்க நாலைந்து பேருமாக வந்தார்கள். பெண்ணின் நீளமான வெள்ளைக் கவுனைத் தண்ணீரில் மிதக்க விட்டார்கள். அது மிதந்துபோய், தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த எங்கள் லயத்துச் செல்லம்மாவின் காலில் சுற்றிக்கொண்டது. பிறகு கொழும்புக் கம்பனி ஒன்றின் ஆட்கள் ஸ்பீக்கர் பெட்டியோடு வந்து பாட்டு நின்றதும் உட்காருகிற கதிரை விளையாட்டு ஆரம்பித்தார்கள். ஒலிபெருக்கி பிடித்தவர் தியானக்காரர்களையும் வந்து கலந்துகொள்ளச் சொன்னார். கடைசியாக மோட்டார் சைக்கிளில் காடு சுற்றுகிற பையன்கள் வந்தார்கள். அவர்களால் முன்னுக்கும் போக முடியவில்லை, திருப்பவும் இடமில்லை.

யாரைக் கேட்டாலும் தலைவர் வரச் சொன்னார் என்றார்கள். நான் ஃபோன் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நானாவே மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பெட்டி நிறையப் பேக்கரிப் பணிஸ். கசத்தை அவர் கண்ணால் பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு கூட்டமாக வந்து மற்றவர்களை அனுப்பச் சொல்லி முறையிட்டது. எல்லோரிடமும் "ஓம், ஓம், நீங்க செல்றது சரி" என்று சொல்லி ஒவ்வொரு பணிஸ் கொடுத்தார். கல்யாணப் பெண் தியானக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து பணிஸ் சாப்பிட்டாள். நல்ல வேளையாக மழை பிடித்தது. மழையோடு அட்டையும் வந்தது. சிறிது நேரத்தில் எங்களையும் நானாவையும் தவிர யாரும் மிஞ்சவில்லை.

நானாவுக்கு ஒரே சந்தோஷம். தான் யாரையும் போகச் சொல்லவில்லை, அவர்களே போய்விட்டார்கள் என்று இறங்கும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் அந்த வாரம் நீர்நாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. பொந்து வெறுமையாகக் கிடந்தது. மாத்தையா சண்டை போடவில்லை, குறையும் சொல்லவில்லை. தினமும் இறங்கிப் போகும் வழியில் நானா கடையில் ஏறி பிளேன்டீ குடிப்பவர், அதை நிறுத்திவிட்டார். கடையைத் தாண்டிப் போகும்போது முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொள்வார். நானா அதில் உடைந்துபோனார். கடைக்கு வராத வாடிக்கையாளர் ஒருவர் உண்டு என்பதையே அவரால் தாங்க முடியவில்லை. எனக்கு ஊற்றிய பிளேன்டீயை அவரே எடுத்துக் குடித்துவிட்டு, மாத்தையாவுக்கு என்னதான் வேணும், நான் எல்லாத்துக்கும் ஓம் என்றுதானே சொன்னேன் என்று கேட்டார். அதுதான் பிரச்சினை நானா என்றேன்.

அதன்பிறகு புதிய வழி ஒன்று பிடித்தார். அது வியாபாரிகளின் பழைய வழி. கேட்ட சாமான் இல்லாவிட்டால் பக்கத்துச் சாமானை ஆசை காட்டி விற்பது. கசத்தோரம் கூடாரம் போடக் கேட்ட கொழும்புப் பையன்களை, அதைவிட அருமையான இடம் இருக்கிறது என்று சொல்லி எங்கள் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கூடாரம் போட வைத்தார். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புகிற இடம் அது. பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, கூடாரத்தைச் சுற்றிக் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக முழுத் தோட்டமும் நின்றது. கணக்கப்பிள்ளை அந்தப் பையன்களையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த ரெண்டு பேரையும் செடி கவ்வாத்து வெட்ட அனுப்புவோமா என்று கேட்டாராம். பையன்கள் அதையும் படம் பிடித்துப் போட்டார்கள். அடுத்த வாரம் பெரட்டுக் களம் கேட்டே ஆட்கள் வந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லித் தோட்டத்து ஆபீசிலிருந்து ஆள் அனுப்பினார்கள். நானா அந்த ஆளுக்கும் ஓம் என்று சொல்லி அனுப்பினார்.

இதற்கிடையில் மாத்தையா நீர்நாயை மறுபடி பார்த்தார். கசத்துக்கே திரும்பி வந்திருந்தது, குட்டிகளோடு. என்னிடம் மட்டும் சொன்னார். தலைவரிடம் சொல்ல வேண்டாம், அவர் சந்தோஷத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்றார். நான் சொல்லித்தான் தீர வேண்டும் என்று கடைக்குப் போனேன்.

நானா கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு எழுந்து, வெளியே இறங்கி, தெருவைக் கடந்தார். கடை நேரத்தில் அவர் மச்சான் கடைக்குள் கால் வைத்ததை அந்தக் கடைவீதி அதற்கு முன்பு கண்டதில்லை. பக்கத்துப் புடவைக் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நானும் பின்னால் போனேன்.

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். "இல்ல" என்றார்.

"அதத்தான் கேட்டு வந்த," என்றார் நானா. "அந்தச் சொல்லு என்ட கடைல இல்ல. ஒங்கட கடைல நெறைய ஈக்கி. காட்டுக்குக் கொஞ்சம் வேணும், மச்சான்."

தன் கடையைப் பற்றி நானா 'இல்ல' என்றதை நான் அப்போதுதான் கேட்டேன். ஆனால் சரக்கு இருப்பைப் பற்றிச் சொன்னதால் கணக்கில் சேராது என்று பிற்பாடு அவர் வாதாடினார்.

அப்படித்தான் மச்சான் எங்கள் கமிட்டிக்கு உபதலைவரானார். மறுத்தால் நானா கடையில் அவர் சாமான் ஓடாது என்பது அவருக்குத் தெரியும் என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். எனக்கென்னவோ, தன்னிடம் இருக்கிற ஒரு பொருளை நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான் என்று தோன்றியது.

மச்சான் முதலில் வேலி அடித்தார். இரண்டாவதாக ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகினார். மூன்றாவதாகக் கதவில் இருந்த நம்பரை அழித்துவிட்டுத் தன் நம்பரை எழுதினார். நானாவுக்கு அனுமதி கேட்டு வந்த அழைப்பெல்லாம் "மச்சானைக் கேளுங்க" என்று அங்கே போயிற்று. அங்கே போனது எதுவும் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு அவரே வந்து கதவடியில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்தார்.

டவுனில் பெரிய கட்டட வேலைகள் எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர் ஒருவர், கசத்தைச் சுற்றிக் கண்ணாடி அறைகள் கட்டி, மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு பறக்கிற விளையாட்டு வைக்கத் திட்டம் போட்டிருந்தார். நானா கடையின் பெரிய வாடிக்கையாளர். இந்த மனிதருக்கு நானா என்ன பதில் சொல்வார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். நானா அவரைப் பிளேன்டீயோடு மச்சானிடம் அனுப்பினார். கொந்தராத்துக்காரர் சுருட்டி வைத்திருந்த பெரிய படத்தை விரிக்கத் தொடங்கினார்.

"இல்ல" என்றார் மச்சான்.

"நான் இன்னும் ஒண்டும் கேக்கல்லயே."

"கேட்டாலும் இல்ல."

அந்தத் திட்டம் அதோடு சரி. பிறகு அவர் எல்ல ஊர்ப் பக்கம் எங்கோ போய்க் கட்டினார் என்று கேள்வி. மாத்தையா அன்று மாலையே நானா கடைக்கு வந்து பிளேன்டீ குடித்தார். நானாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கேட்காமலேயே இரண்டாவது கோப்பையும் வரவழைத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, மச்சான் எங்களையும் நிறுத்தும் வரைக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துச் சனம் துண்டும் சோப்புமாக மேலே ஏறினோம். கதவு பூட்டியிருந்தது. மச்சான் கதிரையில் இருந்தபடியே வழக்கமான சொல்லைச் சொன்னார். அது எங்களுக்கும்தான் என்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. தோட்டத்து ஆட்கள் என்று சொல்லிப் பார்த்தோம். இல்ல. காலங்காலமாகக் குளிக்கிற இடம் என்றோம். இல்ல. பிள்ளைகள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் குரல் ஏறியது. யாரோ கதவைப் பிடித்து உலுக்கினார்கள். நான் செயலாளர், கமிட்டியின் ஆள். எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கே தெரியவில்லை. கதவுக்கு வெளியேதான் என் சனம் நின்றது. உள்ளே கசத்தில் குட்டிகள் இருப்பதும் எனக்குத் தெரியும். நானாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

த்ரீவீலில் வந்து இறங்கினார். நிலைமையைப் பார்த்ததும் வியாபாரப் புன்னகை தானாக வந்துவிட்டது. எங்களைப் பார்த்து, எல்லாம் சரி வரும், கொஞ்சம் பொறுங்க என்றார். மச்சானைப் பார்த்து, நீங்க செய்றதும் சரிதான் என்றார். பணிஸ் வாங்க ஆள் அனுப்பவா என்று என்னிடம் கேட்டார்.

அப்போது செல்லம்மா முன்னால் வந்தாள். எங்கள் லயத்தில் மூத்த கொழுந்துக்காரி. யாரோடும் சத்தம் போட்டுப் பேசாதவள்.

"நானா, ஒங்க கடையில எங்களுக்கு ஒரு நாளும் இல்லன்னு சொன்னதில்ல. இப்ப அதச் சொல்றதுக்குன்னே ஒரு ஆள வச்சிருக்கீங்க. ஆறு நாளு மலையில நிக்கிறோம். ஒரு நாளு தண்ணில எறங்குறோம். அதுக்கும் இல்லன்னா, அத ஒங்க வாயால சொல்லுங்க. கேட்டுட்டுப் போறோம்."

நானாவின் முகத்திலிருந்து அந்தப் புன்னகை மெல்ல வடிந்ததை நான் பார்த்தேன். சாரத்தின் மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். கதவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"இல்ல, செல்லம்மா," என்றார். குரல் எழும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னார். "கசத்துக்குப் போக ஏலா. குட்டி ஈக்கி. அது பெரிசாகும் மட்டும் யாருக்கும் ஏலா. எனக்கும் ஏலா, மாத்தையாவுக்கும் ஏலா."

அவர் அப்படியே மச்சான் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கும் இல்ல, மச்சான். கதவ இவங்களுக்குப் பூட்ட ஏலா. இந்த மலையில தேயில வச்சது இவங்கட ஆக்கள். சாவியத் தாங்க."

மச்சானுக்குத் தன்னிடம் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லை. கதிரையை விட்டு எழுந்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். நானா அதை வாங்கியவுடன் கதவடிக் கல்லில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன்.

அவர் எதிர்பார்த்தது சண்டை என்று நினைக்கிறேன். அல்லது நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவோம் என்றாவது. செல்லம்மா இடுப்பில் கை வைத்து நின்று யோசித்தாள்.

"குட்டி இருக்கா? இத முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வேற எடம் பாத்திருப்போம்ல," என்றாள்.

நானா அவளை அண்ணாந்து பார்த்தார். இவ்வளவு லேசான விஷயமா இது என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

வேறு இடத்தையும் அவளே காட்டினாள். காட்டை விட்டு வெளியேறிய ஓடை பழைய தேயிலை மலைக்குள் ஒரு வளைவு எடுக்கும். முழங்காலளவு தண்ணீர்தான். ஆனால் கீழே கல்லை அடுக்கி மறித்தால் நிறையும். கதவு திறந்தது, எல்லோரும் உள்ளே போனோம். துண்டுகளைத் தேயிலைச் செடிகள் மேல் போட்டுவிட்டு ஆண்கள் கல் புரட்டினார்கள், பெண்கள் சேற்றை அள்ளி இடுக்கில் அடைத்தார்கள். நானா டவுனுக்கு ஆள் அனுப்பி பைப்பும் சிமெந்தும் வரவழைத்தார். சிமெந்து அவர் கடையுடையது, பைப் எதிர்க்கடையுடையது. விஷயம் கேள்விப்பட்டு மாத்தையாவும் ஏறி வந்து, இந்த வளைவு வரைக்கும் சனம் வந்தால் மேலே கசத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று பார்த்துச் சொல்லிவிட்டு, தூரதரிசினியை ஒரு கிளையில் மாட்டிவிட்டுக் கல் தூக்கினார். மச்சான் கரையில் நின்று, கல் அப்படி இல்ல, இப்படி இல்ல, அந்தப் பக்கம் இல்ல என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டேயிருந்தார். ஒரு விஷயம், அவர் இல்லை என்ற இடத்தில் வைத்த கல்லெல்லாம் சரிந்தது. பிற்பாடு அவரைக் கேட்டுத்தான் வைத்தார்கள்.

அந்த வளைவு இன்றைக்கும் இருக்கிறது. கொழும்புக் கம்பனிக்காரர்களும் கல்யாணப் படக்காரர்களும் இப்போது அங்கேதான் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லயத்துச் சனத்துக்கு. அந்தக் குட்டிகள் பெரிதாகிப் போன பிறகும் கசத்துக்குப் போக யாரும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் குட்டி இருந்தது. அக்கரைப்பற்றில் மகள் வீட்டில் நானா மௌத்தான துக்கச் செய்தி வந்த அன்று, அது ஞாயிறாக இருந்தும், வளைவுக்கு ஒருவரும் போகவில்லை.

ஆனால் அந்த முதல் நாளைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். வெயில் சாயும்போது தண்ணீர் நெஞ்சளவு நின்றது. பிள்ளைகள் முதலில் குதித்தார்கள். பிறகு யாரும் எதிர்பாராமல் நானா தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கல்லைப் பிடித்து இறங்கினார். காட்டுத் தண்ணீர். உதடு உடனே நீலம் பாய்ந்துவிட்டது. கழுத்துக்கு மேல் மட்டும் வெளியே தெரிய, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மச்சான் கரையில் நின்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, தண்ணி குளிரா ஈக்கா என்று கேட்டார்.

"இல்ல, மச்சான்," என்றார் நானா. பல் அடித்துக்கொள்வது கரைக்குக் கேட்டது.

மச்சான் அந்தச் சொல்லை அப்படியே நம்பினார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஒரேயடியாக இறங்கினார். அவர் போட்ட சத்தத்தில் தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருந்த காட்டுக்கோழிகள் எழுந்து பறந்தன. பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள்.

நானா சிரிக்கவில்லை. தண்ணீருக்குள் கொஞ்சம் நகர்ந்து, அவருக்கு இடம் விட்டார்.